நாலு சிலிண்டரிலும் ஒரே குறை

எங்கள் மெக்கானிக்மார் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இருவரும் தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். "பழைய வாகனம் ஒண்டு ஸ்ராட் எடுக்கச் சுணங்குது, சும்மா நிக்கேக்கை நடுங்குது. முதலிலை எதைப் பாக்கிறது? இதை எழுதித் தாங்கோ ஐயா, புதுசா வாற பெடியளுக்கு உதவும்" என்றார்கள்.

எதை முதலில் பார்ப்பது என்பது உங்களுக்கே தெரியும். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பீர்கள். பொயின்ற், வயர், காபரேற்றர், காற்று எங்காவது களவாக உள்ளே போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். பிறகு அமுக்கமானியை வைத்து ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு இறுக்குகிறது என்று அளப்பீர்கள். இதையெல்லாம் நான் எழுதி மலரின் பக்கத்தை நிரப்பத் தேவையில்லை. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த பிறகும் ஒரு மெக்கானிக் எப்படிப் பிழைவிடலாம் என்பதை எழுதுகிறேன். பிழைவிட்ட மெக்கானிக் நான்தான்.

முதலில் என் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய நாளிலிருந்து தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு வாகனத்துக்கும் பக்கம் ஒதுக்கி, திகதி போட்டு, கிழமை போட்டு, செய்த வேலையை எழுதி வந்திருக்கிறேன். அன்று மழையா வெயிலா என்றுகூட ஒரு ஓரத்தில் இருக்கும். நல்லூர்க் கோயிலில் கொடியேறி எத்தனையாம் நாள் என்று இருக்கும். மற்ற மெக்கானிக்மார் என்னைப் பகிடி பண்ணுவார்கள். "உவர் கார் திருத்துறாரோ, சரித்திரம் எழுதுறாரோ?" என்பார்கள். எனக்கு அது உள்ளூரப் பெருமை. வாடிக்கையாளர் யாராவது "போன வருசம்தானே கிளச் தட்டு மாத்தினது" என்று வாதாடினால், கொப்பியை விரித்து விரலை வைத்துக் காட்டுவேன். அத்துடன் வாதம் முடிந்துவிடும். நாளடைவில் கொப்பியில் இல்லாதது நடக்கவே இல்லை என்ற எண்ணம் எனக்குள் வந்துவிட்டது. அது எப்போது வந்தது என்பதற்கு மட்டும் திகதி இல்லை.

கிறேஸ் ரீச்சரின் காருக்கும் ஒரு பக்கம் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர் அவர். நல்லூரில் என் கராஜிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி வீடு. கார், ஐம்பதுகளில் கப்பலில் வந்த ஆங்கிலேயக் கார். அவருடைய தகப்பனார் வாங்கியது. மங்கிய சாம்பல் நிறம். கதவைச் சாத்தினால் இரும்பு அலுமாரி சாத்துகிற சத்தம் கேட்கும்.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், அப்படிப்பட்ட கார்கள் எங்கள் ஊரில் எப்படி ஓடின என்று உங்களில் பலர் கேட்டுத்தான் அறிந்திருப்பீர்கள். பெற்றோல் வராத வருடங்கள் அவை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். காலையில் நல்லூர் ஒழுங்கைகளில் ஒவ்வொரு காரும் ஒவ்வொரு விதமாக இருமும். வீட்டுக்குள் இருந்தபடியே, இது டொக்டரின் கார், இது புகையிலைக் கடைக்காரரின் கார் என்று சொல்லிவிடுவேன். பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் ஹாண்டிலைப் பிடித்திருப்பார்கள். வெள்ளையாக, கண்ணை எரிக்கிற புகை. அது ஒரு கஷ்ட காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எஞ்சின் ஒன்றின் முன்னால் நின்று "உன்னை எப்படி ஓட வைக்கிறது பார்" என்று நான் தினமும் சவால் விட்டதும் அந்தக் காலத்தில்தான். இப்போது நினைத்தால் அந்த எரிவு கண்ணில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

போர் முடிந்து, பாதை திறந்து, பெற்றோல் ஷெட்டில் கேட்ட அளவு பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ரீச்சர் வந்தார். கொழும்பில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். கார் அவ்வளவு காலமும் கொட்டிலில் செங்கல்லின் மேல் நின்றிருந்தது.

"தம்பி, அப்பாவின்ரை கார். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கும், சனிக்கிழமை சந்தைக்கும் போனாக் காணும். எழுப்பித் தருவீரோ?" என்று கேட்டார்.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ரீச்சரின் காரின் பக்கம் வரிசையாக இருந்தது. காபரேற்றர் இத்தனை முறை, பிரேக் இத்தனை முறை. ஹெட், அதாவது எஞ்சினின் தலைமூடி, ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. கையால் சுற்றிப் பார்த்தேன், எஞ்சின் இலகுவாகச் சுற்றியது. திறக்காத எஞ்சினை ஏன் திறப்பான் என்று விட்டுவிட்டேன். காபரேற்றருக்குப் புதுச் சாமான், புதுப் பொயின்ற், புது பற்றறி, பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவல். நாலாம் நாள் கார் எழும்பியது. ரீச்சர் கைதட்டினார்.

ஓட்டுவதற்கு அவர் அமர்த்தியவர் கனகரத்தினம் அண்ணை. என்னைவிட நாலைந்து வயது மூப்பு. முப்பது வருடம் வாடகைக் கார் ஓடியவர். மண்ணெண்ணெய்க் காலத்திலும் ஓடியவர். சொந்தக் காரைப் போரில் இழந்தவர். சந்தியில் வாகனத் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் பழக்கம். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கராஜுக்கு வந்தால் மர வாங்கில் உட்கார்ந்து, நான் வேலை செய்யும் எஞ்சினின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். "தம்பி, மூண்டாவது சரியாக் கதைக்கேல்லை" என்பார். பெரும்பாலும் மூன்றாவது சிலிண்டராகத்தான் இருக்கும்.

வெயில் காலம் முழுக்கக் கார் பிரச்சினையில்லாமல் ஓடியது. கார்த்திகை மழைக்குப் பிறகு, குளிர் விழத் தொடங்கியதும், கனகரத்தினம் அண்ணை வந்து சொன்னார்.

"தம்பி, காலமை ஸ்ராட் எடுக்கப் பஞ்சிப்படுது. சோக்கை நெடுக இழுத்து வைச்சிருக்க வேண்டிக் கிடக்கு. எழும்பினாலும் நிக்கேக்கை குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குது."

பிளக் நாலையும் கழற்றினேன். நாலும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. துடைத்துப் போட்டேன், இடைவெளி சரிசெய்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். மறுபடி கறுப்பு. காபரேற்றரை இறக்கி ஏற்றினேன். மறுபடி கறுப்பு. அமுக்கமானியை வைத்து அளந்தேன். நாலு சிலிண்டரும் குறைவு.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திக் கொஞ்சம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. நாலும் குறைவு என்பதை மட்டும் பார்த்தேன். நாலும் ஒரே அளவில் குறைவு என்பதைப் பார்க்கவில்லை. தேய்ந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் நல்லாக இருக்கும், ஒன்று மோசமாக இருக்கும், வயதானவனின் பற்களைப் போல. நாலும் ஒன்றுபோலக் குறைந்தால் காரணம் நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. இதை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் காரின் வயது என் கண்ணை மறைத்தது. "கிழட்டு எஞ்சின், அப்படித்தான் இருக்கும்" என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த முறை கார் வந்தது மார்கழியில், திருவெம்பாவை தொடங்கிய மறுநாள், ஒரு சனிக்கிழமை. ரீச்சரும் கூட வந்திருந்தார். மறுநாள் சேர்ச்சில் இயேசு பிறந்த நத்தார் ஆராதனைக்கான பாட்டுப் பயிற்சி, அதற்குள் கார் சரிவர வேண்டும் என்றார். நான் ஜாக்கி எடுக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே ஒரு கலன், சாக்கில் சுற்றி வைத்திருந்தது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்.

"அண்ணை, இது என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டு அடுப்புக்குத் தம்பி. கூட்டுறவுச் சங்கக் கடையிலை இண்டைக்குத்தான் குடுத்தவங்கள்" என்றார்.

அந்தக் காலத்தைக் கடந்து வந்த எவருக்கும் மண்ணெண்ணெயும் கறுத்த பிளக்கும் சேர்ந்து ஒரே கதையைத்தான் சொல்லும். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓடினால் கார் சுணங்கும், நடுங்கும், பிளக் கரியாகும். மூன்று வாரமாக விடை தெரியாமல் இருந்தவனுக்கு விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்த சந்தோசம் இருக்கிறதே, அதைவிட மோசமான சாமான் ஒரு கராஜில் கிடையாது.

ரீச்சரிடம் போய், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "ரீச்சர், எஞ்சினிலை பிழை இல்லை. குடிக்கிற தண்ணியிலைதான் பிழை. பெற்றோல் ஆரின்ரை கையாலை போகுது எண்டு பாருங்கோ."

அந்த வசனம் சாமர்த்தியமானது என்று எனக்குப் பட்டது. யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை அல்லவா?

ரீச்சரின் முகம் மாறியது. கனகரத்தினம் அண்ணைக்குக் காது கேட்டிருக்க வேண்டும். எழுந்து வந்தார். கோபப்படவில்லை. காரைச் சுற்றிப் பின்னால் போய், "ஸ்ராட் பண்ணும்" என்றார். நான் பண்ணினேன். மூன்று தரம் சுற்றி எழும்பியது. புகை வந்தது.

"உதைப் பாரும்" என்றார். "உது கறுப்பு. மண்ணெண்ணெய்ப் புகை வெள்ளை. ரீச்சர், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த ஊரிலை ஆரின்ரை கண்ணுக்குத்தான் அந்தப் புகை தெரியாது? எத்தினை வருசம் அதுக்குள்ளை நிண்டு அழுதனாங்கள். உங்களிலை ஆருக்கேன் இப்ப கண் எரியுதே?"

யாருடைய கண்ணும் எரியவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சமாக் கலந்தா வெள்ளை தெரியாது அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். சாவியை எடுத்து ரீச்சரின் கையில் கொடுத்தார். டிக்கியிலிருந்த கலனை எடுத்துக்கொண்டார். "வாறன் ரீச்சர்" என்றார். என்னிடம், "அப்ப சரி, மெக்கானிக் ஐயா" என்றார். தம்பி ஐயா ஆனது அந்த நேரத்தில்தான். கலனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்து போனார். பின்னேரம் இதைக் கொப்பியில் எழுதினேன். "பெற்றோலில் மண்ணெண்ணெய்க் கலப்பு. சாரதி விலகினார்." இரண்டே வசனம். என் கையெழுத்து அந்த வரியில் மிக நேர்த்தியாக இருக்கிறது.

பிரேக் திருத்தக் காத்திருந்த ஓட்டோக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சந்தியில் கனகரத்தினம் அண்ணைக்கு ஒரு பட்டம் காத்திருந்தது. "என்ன மண்ணெண்ணெய், இண்டைக்கு எத்தினை லீற்றர்?" "அண்ணைக்குக் கிட்டப் போய் பீடி பத்தாதேங்கோடா!" அப்படிக் கேட்டவர்கள் எல்லாரும் அவரோடு இருபது வருடம் தேநீர் குடித்தவர்கள். அடுத்த நாளிலிருந்து அவர் சந்திக்கு வரவில்லை. வாடகைக்கு ஓட வேறொருவரின் வான் கிடைக்க இருந்தது, அதன் சொந்தக்காரர் பின்வாங்கிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு சாரதியின் கையில் பெற்றோலை நம்பிக் கொடுக்க முடியாது என்று சொன்னால், அவர் எந்த வாகனத்தில் ஏற முடியும்?

இவ்வளவுக்கும் பிறகு கார் நல்லாகியிருந்தால் நான் இன்றுவரை அதே மனிதனாக இருந்திருப்பேன். தாங்கியை முழுதாக வடித்தேன். நானே பெற்றோல் ஷெட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பினேன். தாங்கி மூடிக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை ரீச்சரிடம் கொடுத்தேன். புது பிளக் நாலு போட்டேன். தைப்பொங்கலுக்கு முன்னரே நாலும் கறுத்துவிட்டன.

பூட்டிய தாங்கி. நான் நிரப்பிய பெற்றோல். வேறு சாரதியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ரீச்சரைச் சேர்ச்சில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தேன். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கராஜில் நீண்ட நேரம் நின்றேன். டிக்கியிலிருந்து அண்ணை தூக்கிக்கொண்டு போன கலன்தான் நினைவில் வந்தது. கார் சரிவரவில்லை என்பது அப்போது என் கவலையாக இருக்கவில்லை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, காரை நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று ரீச்சரிடம் சொன்னேன். "அப்ப கொடிகாமம் போவம். சந்தையிலை தேங்காயும் மரக்கறியும் வாங்கலாம்" என்றார். கண்டி வீதியால் போனோம். ஓடும்போது கார் பரவாயில்லை. கொடிகாமம் சந்திக்குக் கிட்ட, லொறி ஒன்று குறுக்கே திரும்ப, நிறுத்த வேண்டி வந்தது. நடுங்கி, நடுங்கி, நின்றுவிட்டது. நான் சோக்கை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வாகனங்கள் ஹோர்ண் அடித்தன. ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உம்மடை மாமரத்தைக் காணேல்லையே" என்றார்.

"எந்த மாமரம் ரீச்சர்?"

"உதிலை தான் நிண்டது, உந்தக் கடை கட்டின இடத்திலை. இடம்பெயர்ந்து வரேக்கை கார் டக்கு டக்கெண்டு இடிச்சு, பேந்து தண்ணியும் புகையுமா வந்து நிண்டிட்டுது. என்ரை அண்ணா உம்மைத் தேடிப் பிடிச்சுக் கூட்டி வந்தவர். மறந்து போனீரோ? அந்தப் பெரிய இரும்பு மூடியைக் கழட்டி மரத்திலை சாத்தி வைச்சனீர். அது சூடா இருக்கெண்டு அம்மா ஈரத் துவாயை அதுக்கு மேலை காயப் போட, நீர் அம்மாவைப் பேசிப் போட்டீர். அம்மா சாகுமட்டும் சொல்லிச் சிரிப்பா, மெக்கானிக்கிட்டைப் பேச்சு வாங்கினன் எண்டு."

சோக்கை விட்டுவிட்டு ரீச்சரின் பக்கம் திரும்பினேன்.

தொண்ணூற்றைந்தில், போர் ஊருக்குள் வந்த அந்த ஐப்பசியில் ஊர் முழுவதும் இரவும் பகலுமாக நடந்து, கொடிகாமம் இருக்கிற தென்மராட்சிக்குப் போனது. நானும் போனேன். கையில் அகப்பட்ட ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்; ஸ்பனர்களும் சுத்தியலும் இருந்த பெட்டி. கொப்பி நல்லூரிலேயே அலுமாரியில் கிடந்தது. ஆறு மாதம் கொடிகாமத்தைச் சுற்றி, மரங்களுக்குக் கீழே, யார் யாருடையதோ வாகனங்களைத் திருத்தினேன். முறிந்த கார், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய கார், தலையணையும் கோழியும் ஏற்றிய கார். ஒன்றையும் எழுதவில்லை. சித்திரையில் திரும்பி வந்து, தூசியைத் தட்டி, கொப்பியைத் திறந்து, ஐப்பசியில் நின்ற வரிக்கு அடுத்த வரியிலேயே சித்திரையை எழுதத் தொடங்கினேன். ஒரு வெற்றுப் பக்கம்கூட விடவில்லை. எனவே பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றும் விடுபட்டதாகத் தெரியாது. எனக்கே தெரியவில்லை.

நூலகத்திலிருந்து சரித்திரப் புத்தகங்கள் எடுத்துப் படிக்கிறவன் நான். எழுதுகிறவன் ஓடிக்கொண்டிருக்கும் காலத்துக்குத்தான் குறிப்பு இருக்காது, அதிகம் நடப்பதும் அந்தக் காலத்தில்தான் என்று மற்றவர்களின் சரித்திரத்தைப் பற்றி நான் பெரிதாகக் கதைத்திருக்கிறேன். என் கொப்பிக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

"ரீச்சர், இதை ஏன் முந்திச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் என்னைக் கேக்கேல்லையே தம்பி. கொப்பியைத்தானே கேட்டனீர்" என்றார். கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டுகிற அதே குரல்.

திங்கட்கிழமை ஹெட்டைக் கழற்றினேன். எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்க வேண்டியது ஒரு கஸ்கற், மெல்லிய தகடு. அங்கே இரண்டு இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று. கீழே ஒரு பழையது. மேலே யாரோ வேறு காரிலிருந்து வெட்டிப் பொருத்தியது. வெட்டிய ஓரத்தைப் பார்த்ததும் என் கைவேலை என்று தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் நடையைத் தூரத்தில் கண்டால் தெரிவதுபோல.

ஏன் அப்படிப் போட்டேன் என்பதும் நினைவு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின், பாரம் கூடினால் இடிக்கும். இரண்டு கஸ்கற் போட்டால் உள்ளே அமுக்கம் குறையும், இடி நிற்கும். அந்தச் சனத்தை ஏற்றிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓட அது சரியான வேலை. நல்ல வேலை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அதே எஞ்சினைப் பெற்றோலில், குளிர் காலையில், சேர்ச்சுக்கும் வீட்டுக்குமாகக் கிட்டத்துக்கு ஓட்டினால், அமுக்கம் போதாது. ஸ்ராட் எடுக்கச் சுணங்கும். பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கை நெடுக இழுக்க வேண்டி வரும். எரியாத பெற்றோல் கரியாகும். நிற்கும்போது நடுங்கும். நாலு சிலிண்டரிலும் ஒரே அளவில் குறையும். மானி உண்மையைச் சொன்னது. புகை உண்மையைச் சொன்னது. கனகரத்தினம் அண்ணையும் உண்மையைச் சொன்னார். கலப்படம் என்று சொன்னவன் ஒருவன்தான், இரண்டு கார்களின் தகட்டைக் கலந்து போட்டதும் அவன்தான்.

ஒரு புதுக் கஸ்கற் போட்டு மூடினேன். ஒரே சுற்றில் எழும்பியது. மட்காட்டின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்தேன், தண்ணீர் அசையவில்லை. என் தொழில் வாழ்க்கையில் மனம் சந்தோசப்படாமல் நான் கேட்ட நல்ல எஞ்சின் சத்தம் அது ஒன்றுதான்.

பழைய கஸ்கற் இரண்டையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு, அன்று பின்னேரமே கனகரத்தினம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயின் பூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி குசினி வாசலில் வந்து நின்றார். அடுப்பில் மண்ணெண்ணெய் எரிகிற மணம் அங்கிருந்தே வந்தது.

"என்ன, இன்னும் ஏதும் மணந்து பாக்க வந்தனியளோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சும்மா இரப்பா" என்றார் அண்ணை.

பேப்பரை விரித்துக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கொடிகாமம், மாமரம், இரண்டு கஸ்கற், என் கை. நீட்டாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு கஸ்கற்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். வெட்டு ஓரத்தில் விரலை ஓட்டினார்.

"வடிவா வெட்டியிருக்கிறியள்" என்றார்.

"அண்ணை, என்னை மன்னிக்க வேணும்."

"உதை ஏன் எனக்குக் காட்டுறியள்? நான் கலக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று கஸ்கற்றைத் திரும்பப் பேப்பரில் வைத்தார். பிறகு செயினைப் பூட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை, எல்லா ஓட்டோக்காரரும் கூடுகிற நேரத்தில் சந்திக்குப் போனேன். நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன் அந்தச் சந்தியில் நின்று தன் பிழையைச் சொல்வது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வீட்டிலிருந்து அந்தச் சந்திக்கு நடந்தது நெடுநேரம். கஸ்கற் இரண்டும் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தன. ஒருவர் "ஐயோ பாவம் மனிசன்" என்றார். ஒருவர் தலையைக் குனிந்தார். என் கராஜிலிருந்து அந்தக் கதையைக் கொண்டுபோனவர், "அப்ப மண்ணெண்ணெய் ஆர், நீங்களோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "ஓம், நான்தான்" என்றேன். அந்தப் பட்டத்தை எனக்கு மாற்றிக் கொடுப்பார்கள் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன். பட்டங்கள் அப்படி இடம் மாறுவதில்லை.

ரீச்சர் தானே நடந்து போய் அண்ணையைக் கேட்டார். அவர் திரும்பி வந்தார், ஒரு நிபந்தனையோடு. பெற்றோல் அடிக்கும்போது ரீச்சர் காரைவிட்டு இறங்கி நின்று பார்க்க வேண்டும். "உங்களுக்காக இல்லை ரீச்சர், எனக்காக" என்றாராம். எழுபது கடந்த அந்த மனுசி, கண் மங்கும் வரைக்கும், ஒவ்வொரு முறையும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பெற்றோல் ஷெட்டில் இறங்கி நின்றார். நான் அவ்வழியே சைக்கிளில் போகும்போது கண்டிருக்கிறேன். இருவரும் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

கார் பிறகு நல்லாக ஓடியது. ரீச்சர் காலமாகும் வரைக்கும் ஓடியது. காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தால் அண்ணை அதே வாங்கில் இருப்பார், சத்தம் கேட்பார், "மூண்டாவதைப் பாருங்கோ" என்பார். பாரும் என்று சொல்லவில்லை. தம்பி என்றும் சொல்லவில்லை. இன்றுவரை இல்லை.

அந்தக் கொப்பியில் நான் எழுதிய இரண்டு வசனத்தையும் வெட்டவில்லை. கீழே நடந்ததை எழுதினேன். ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவில், ஓரத்தில், சிறிய எழுத்தில், "இங்கே ஆறு மாதம் இல்லை" என்றும் எழுதினேன். உங்கள் கையில் இப்போது கணினி இருக்கிறது. வாகனத்தின் சரித்திரம் முழுக்க அதற்குள் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். அந்த வாகனத்தில் ஏறி இறங்கியவர்களையும் ஒருமுறை கேளுங்கள். ஓட்டுகிறவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள், முக்கியமாக நீங்கள் அவர்மேல் சந்தேகப்படத் தொடங்கிய பிறகு.

இவ்வளவையும் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்லூரில் கராஜ் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பச்சை ஓட்டோ, காலை வேளையில் மட்டும் ஓடுகிறார், வயதாகிவிட்டது. நீங்கள் அவரை "மண்ணெண்ணெய் அண்ணை" என்று கூப்பிடுகிறீர்கள். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் கெட்டித்தனமாகக் கார் ஓடியவர், அதனால் வந்த பெயர் என்று உங்களில் ஒருவர் எனக்கே விளக்கம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பெயர் அப்படி வந்ததில்லை. என் வாயிலிருந்து வந்தது.

மலருக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். ஓட்டோவின் பின் ஆசனத்தில் இருந்து, எஞ்சின் சத்தம் கேட்பதுபோலக் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"புகை கறுப்பெண்டு நான் சொன்னதை எழுதினியளோ?" என்றார்.

"எழுதியிருக்கிறன் அண்ணை. இப்ப வாசிச்சனான்."

"பேர் போட்டனியளோ?"

"போட்டிருக்கிறன்."

"அரைவாசிப் பேர்தானே போட்டிருக்கிறியள். முழுக்கப் போடுங்கோ."

செல்லையா கனகரத்தினம்.